மூளை, தண்டுவடக் கட்டிகள்: முடிவெடுக்க ஏன் சில நாட்கள் ஆகின்றன?

எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஸ்கேன்ல கட்டின்னு தெளிவா போட்டிருக்காங்களே டாக்டர், நாளைக்கே எடுத்துட முடியாதா?" கேட்பவர் பல இரவுகளாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரியும். கையில் படங்கள் அடங்கிய பெரிய உறை இருக்கும். சில வேளைகளில், அதற்குமுன் பார்த்த மருத்துவர்களின் சீட்டுகளும் இருக்கும். ஒருவர் அறுவைச் சிகிச்சை என்றும், மற்றொருவர் கதிர்வீச்சு போதும் என்றும், மூன்றாமவர் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் எழுதியிருப்பார். இந்நிலையில் நாங்களும், "புதன்கிழமைக் கூட்டத்தில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று கூறினால், அது தட்டிக்கழிப்பதாகவே குடும்பத்தினருக்குத் தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தில் நடப்பது என்ன என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போய் நோயாளி அரைமயக்கத்தில் ஆழ்வது, பார்வை நாளுக்கு நாள் மங்குவது, வலிப்பு நிற்காமல் திரும்பத் திரும்ப வருவது, முதுகுவலியோடு கால்கள் வலுவிழப்பது, சிறுநீர் பிரியாமல் நின்றுவிடுவது ஆகியவை அவசர நிலைகள். இவற்றுக்கு நாங்கள் புதன்கிழமையைப் பார்ப்பதில்லை. உரியவர்கள் அன்றிரவே தொலைபேசியில் பேசி முடிவெடுப்பார்கள். தேவையானால் விடிவதற்குள் நோயாளி அறுவை அரங்கில் இருப்பார். மற்றவர்களுக்கு, அதாவது எங்களிடம் வருவோரில் பெரும்பாலோருக்கு, ஒரு வாரக் காத்திருப்பால் பெரிய கேடு நேர்வதில்லை. அவசரத்தில் முதல் அடியைத் தவறாக எடுத்து வைத்தால்தான் திருத்துவது கடினம். திறந்த மண்டையோட்டைத் திறக்காததாக ஆக்க முடியாது.

நம் நாட்டில் மூளை அறுவைச் சிகிச்சைக்கென முதல் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரில் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தம் பணியைத் தொடங்கினார். அன்று சி.டி. ஸ்கேன் கிடையாது, அது முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டதே 1971-இல், இலண்டனில்தான். மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுத்து, நிழல் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு கட்டியின் இருப்பிடத்தை அந்தத் தலைமுறையினர் ஊகித்தார்கள். அறுவை செய்பவரே பெரும்பாலும் எல்லா முடிவையும் எடுத்தார். இன்று ஒரே நோயாளியைப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் எவ்வளவோ பெருகிவிட்டன. அவை அனைத்தையும் ஒருவரே அறிந்து எடைபோட இயலாது என்பதே இக்கூட்டம் நடப்பதற்கான எளிய காரணம்.

கூட்டத்தில் முதலில் பேசுபவர் ஸ்கேன் படங்களை ஆராயும் நிபுணர். அவரிடம் நாங்கள் கேட்கும் முதற்கேள்வி பலருக்கு வியப்பளிக்கலாம்: இது கட்டிதானா? வலிப்பு வந்த இளைஞர் ஒருவரின் படத்தில் சிறு வளையம் போல ஏதோ தெரிகிறது. நம் நாட்டில் அது காசநோய்க் கட்டியாக இருக்கலாம். நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் சென்று, அதிலிருந்து வெளிப்பட்ட இளம்புழு மூளையில் தங்கியதால் ஏற்பட்ட வீக்கமாகவும் இருக்கலாம். வலிப்போடு வரும் நோயாளியிடம் காணப்படும் 20 மில்லிமீட்டருக்கும் சிறிய தனி வளையங்களில் பல இவ்வகைப் புழுத்தொற்றே என்பதையும், அதை அறுவையின்றி இனங்காணும் வழியையும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1990-களில் விளக்கினார்கள். அதன் பயனாக எத்தனையோ பேர் மண்டையோட்டைத் திறக்காமலே குணமடைந்திருக்கிறார்கள். அத்தகையவருக்கு நாங்கள் வலிப்பு மருந்தைத் தொடங்கி, சில வாரங்கள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுக்கிறோம். வளையம் சுருங்கியிருந்தால் அறுவை என்ற பேச்சே எழாது.

கட்டிதான் என்று உறுதியான பிறகும் எல்லாக் கட்டிக்கும் கத்தி தேவையில்லை. மாதவிலக்கு நின்றுபோய், பார்வையும் குறைந்துவரும் ஒரு பெண்ணுக்குப் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி தெரிகிறது எனில், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் கேட்பது ஓர் இரத்தப் பரிசோதனையை. புரோலாக்டின் என்னும் சுரப்புநீரின் அளவு மிக அதிகமாக இருந்தால், காபர்கோலின் என்ற மாத்திரையே அக்கட்டியைச் சுருக்கிவிடும். பெரும்பாலோர்க்கு அறுவை தேவைப்படுவதில்லை. அதுபோல, வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும் சிறிய மெனிஞ்சியோமாக் கட்டி பல ஆண்டுகள் அசையாமல் இருக்கக்கூடும். அங்கே "பொறுத்துப் பார்க்கலாம்" என்பது மருத்துவர் கைவிட்டதன் அடையாளம் அன்று. குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பதும் சிகிச்சையே.

இனி, திசுவைப் பற்றி. அறுவைக்குப் பின் மிகவும் பொறுமையைச் சோதிப்பது பயாப்ஸி முடிவுக்கான காத்திருப்பு. முன்பெல்லாம் நுண்ணோக்கியில் பார்த்ததோடு வேலை முடிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மூளைக் கட்டிகளின் வகைப்பாட்டின்படி, பல கட்டிகளுக்கு அவற்றின் மரபணு மாற்றம் தெரியாமல் பெயர் சூட்டவே இயலாது. ஐ.டி.எச். என்னும் மரபணு மாறியிருக்கிறதா, குரோமோசோம்களின் குறிப்பிட்ட பகுதிகள் இழக்கப்பட்டிருக்கின்றனவா என்பதைப் பொறுத்து, பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு கட்டிகள் முற்றிலும் வேறு நோய்களாகின்றன. ஒன்றுக்கு மருந்தால் பல்லாண்டுகள் கிடைக்கின்றன. மற்றொன்றில் காலம் குறைவு. ஆகவே முதல் அறிக்கை வந்த பின்னரும், "இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி" என்று நோய்க்குறியியல் நிபுணர் சொன்னால், பணம் பறிக்கும் வேலை என்று எண்ண வேண்டாம். தலையில் தையல் பிரித்த புண் ஆறுவதற்கும் எப்படியும் சில வாரங்கள் வேண்டும். அந்தக் காலத்திலேயே இந்த முடிவும் வந்துவிடும்.

கிளியோபிளாஸ்டோமா என்னும் கடுமையான கட்டியில் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையைச் சேர்த்துத் தருவது 2005-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுக்குப் பின் வழக்கமாயிற்று. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்தவர்கள் 100-க்கு ஏறக்குறைய 10 பேர். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 26 பேர். இந்தக் கணக்கை இங்கே எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. எழுதுவதென்றே முடிவு செய்தோம். கைப்பேசியில் தேடி இதைவிடக் கலங்கிய செய்திகளை நீங்கள் நள்ளிரவில் படிக்கப் போகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இந்த எண் பலரையும் சேர்த்துப் பார்த்த சராசரி. வயது, கட்டியின் மரபணுத் தன்மை, எவ்வளவு கட்டியை நீக்க முடிந்தது, நோயாளி எழுந்து நடமாடுகிறாரா ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் இது மாறும். உங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன பொருந்தும் என்பதை எங்களிடம் நேரில் கேளுங்கள்.

கூட்டத்தில் எங்களிடம் இல்லாத செய்திகளும் உண்டு. அவை உங்களிடம் இருக்கின்றன. ஒரு துணி வணிகரின் நிலையைச் சொல்கிறோம். ஐம்பது வயதை ஒட்டியவர். இடது நெற்றிமடலில், பேச்சுக்குரிய பகுதியை ஒட்டி மெதுவாக வளரும் கட்டி. அத்தகைய கட்டியை எடுக்கும்போது, மண்டையோட்டைத் திறந்த பின் நோயாளியை விழிக்கவைத்துப் பேசச் செய்து, மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்துப் பார்ப்போம். எந்த இடத்தைத் தொட்டால் பேச்சு தடைபடுகிறதோ அந்த இடத்தை விட்டுவிடுவோம். மூளைக்கு வலியுணர்வு இல்லை. தோலும் எலும்பும் மரத்திருக்கும். கேட்பதற்கு அச்சமூட்டினாலும், முன்கூட்டியே பழக்கப்படுத்தினால் பெரும்பாலோர் அமைதியாகவே ஒத்துழைக்கின்றனர். இவரது கோப்பில் மொழி என்ற இடத்தில் "தமிழ்" என்று இருந்தது. எங்கள் பேச்சுப் பயிற்சியாளருக்கு மட்டும் ஐயம். வெளியே அமர்ந்திருந்த மனைவியிடம், வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டார். "வீட்டுல சௌராஷ்டிரம்தாங்க. கடையிலதான் தமிழ். மனசுக்குள்ள கணக்குப் போடுறதுகூட எங்க மொழியிலதான்" என்றார் அந்த அம்மையார்.

இரண்டு மொழி பேசுவோரின் மூளையில் சில இடங்கள் ஒரு மொழிக்கு மட்டும் பயன்படுவதுண்டு. ஆகவே ஒரே மொழியில் சோதித்தால் போதாது. படங்களைக் காட்டிப் பெயர் கேட்கும் அட்டைகளுக்கு அவருடைய மகள் இரண்டு மாலைகள் உட்கார்ந்து சௌராஷ்டிரப் பெயர்களை எழுதித் தந்தார். அறுவையின்போது ஓரிடத்தில் மின்தூண்டல் பட்டதும் குடை, கத்தரிக்கோல் என்ற தமிழ்ப் பெயர்கள் தடங்கலின்றி வந்தன. வீட்டுமொழிப் பெயர்கள் வரவில்லை. அவ்விடத்தை அறுவை நிபுணர் தொடாமல் விட்டார். அதனால் கட்டியில் ஒரு சிறு பகுதி எஞ்சியது. எஞ்சினால் என்ன செய்வது என்பதைக் கதிர்வீச்சு நிபுணர் முந்தைய வாரமே கூட்டத்தில் பேசி வைத்திருந்ததால், எவ்வளவு தூரம் போகலாம் என்ற தயக்கம் அரங்கில் எழவில்லை. சில வாரங்கள் அவர் பேச்சு திக்கியது. இப்போது கடையில் அமர்கிறார். களைப்பான நாட்களில் சொல் தேடித் தயங்குகிறார். முழுக் கட்டியையும் எடுத்துவிட்டு மனைவியோடு பேச முடியாத நிலையில் அவரை அனுப்பியிருந்தால், ஸ்கேன் படம் மட்டும் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

ஆகவேதான் தொடர்பில்லாதவை போலத் தோன்றும் கேள்விகளை நாங்கள் கேட்கிறோம். எந்தக் கையால் எழுதுவார், என்ன தொழில், இரவில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறதா, அண்மையில் கோபம் கூடியதா, கையெழுத்து மாறியதா, வழக்கமான பாதையில் வழி தவறினாரா? நெற்றிமடல் கட்டியின் முதல் அறிகுறி பல வேளைகளில் தலைவலி அன்று. "ஆளே மாறிட்டாரு" என்று வீட்டார் சொல்லும் அந்த மாற்றமே. அதை எந்தக் கருவியும் பதிவு செய்வதில்லை.

தண்டுவடத்துக்கு வருவோம். வேறு உறுப்பில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்பில் பரவித் தண்டுவடத்தை அழுத்தும் நிலை ஒன்றுண்டு. இதைப் பற்றி அமெரிக்காவில் நடைபெற்ற ஆய்வொன்று 2005-இல் வெளிவந்தது. ஓரிடத்தில் மட்டும் அழுத்தம் உள்ளவர்கள், கால்கள் முற்றிலும் செயலிழந்து 48 மணி நேரம் கடக்காதவர்கள் ஆகியோரே அதில் சேர்க்கப்பட்டனர். உடனே அறுவை செய்து அழுத்தத்தை நீக்கிய பின் கதிர்வீச்சு பெற்றவர்களில் 84 விழுக்காட்டினர் சிகிச்சைக்குப் பின் நடந்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் நடந்தவர்கள் 57 விழுக்காட்டினர். அதேவேளை, லிம்ஃபோமா, மயலோமா போன்ற நோய்கள் கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் விரைவில் கரைபவை. அவற்றில் பலருக்கு அறுவை தேவைப்படுவதில்லை. எது எந்த வகை என்று அறுவை நிபுணரும் கதிர்வீச்சு நிபுணரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் சில மணி நேரத்தில் தெளிவாகும். குடும்பத்தினர் செய்யக்கூடிய பேருதவி இங்கே ஒன்றுதான். மார்பகம், நுரையீரல், புரோஸ்டேட் போன்ற உறுப்புகளில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்குப் புதிதாக முதுகுவலி தொடங்கி, படுத்தாலும் தணியாமல் இரவில் கூடினால், தைலம் தேய்த்து நீவி விடுவதையும் கட்டு வைத்தியரிடம் காட்டுவதையும் தவிர்த்து, அன்றே எங்களை அழையுங்கள். நடந்து வருபவர் பெரும்பாலும் நடந்தே திரும்புகிறார். கால்கள் செயலிழந்த பின் வருபவருக்கு அந்த உறுதியை எங்களால் தர இயல்வதில்லை.

மருந்துகளைப் பற்றி இரண்டு செய்திகள். டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைப்பதால், இரண்டு நாளில் தலைவலி மறைந்து நோயாளி எழுந்து உட்காருவார். அதனாலேயே நோய் போய்விட்டதென்று சிலர் திடீரென நிறுத்திவிடுகிறார்கள். சிலர் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் கடையில் மாதக்கணக்கில் வாங்கி விழுங்குகிறார்கள். இரண்டும் ஆபத்தானவை. திடீரென நிறுத்தினால் வீக்கம் திரும்பும், உடலும் தளர்ந்து விழும். அளவின்றித் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், தொடைத் தசை மெலியும், தூக்கம் கெடும். மூளை லிம்ஃபோமா என்ற ஐயம் இருந்தால், பயாப்ஸிக்கு முன் இந்த மருந்தைத் தொடங்குவதையே முடிந்தவரை தவிர்ப்போம். கட்டி தற்காலிகமாகக் கரைந்து பரிசோதனையே பொய்த்துவிடக்கூடும்.

வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடங்களைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

எங்கள் குழுவினருக்கு மிகவும் கடினமான பகுதி இனி வருவது. "அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று மகன் வாசலிலேயே எங்களை நிறுத்துகிறார். அன்பினால் கேட்கிறார் என்பதை அறிவோம். அதை அலட்சியம் செய்வதில்லை. ஆனால் பொய் சொல்லும்படி கேட்டால் எங்களால் இயலாது. நாங்கள் நோயாளியிடம் முதலில் கேட்பது இதுதான்: "உங்கள் உடல்நிலையைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? உங்களிடமே பேசட்டுமா, பிள்ளைகளிடம் பேசட்டுமா?" "பையன்கிட்ட சொல்லிடுங்க, அவன் பாத்துப்பான்" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் விருப்பத்தை மதிக்கிறோம். நேராகக் கேட்பவர்களுக்கு நேராக, ஆனால் ஒரே நாளில் கொட்டாமல், விடை சொல்கிறோம்.

மூளைக் கட்டியில் இதைத் தள்ளிப்போட முடியாததற்குத் தனிக் காரணம் உண்டு. சில கட்டிகளில் மாதங்கள் செல்லச் செல்லப் பேச்சும் நினைவும் மங்கக்கூடும். நிலத்தைப் பற்றி, வங்கிக் கணக்கைப் பற்றி, இளைய மகளின் திருமணத்தைப் பற்றி அவர் சொல்ல நினைப்பதைச் சொல்வதற்குரிய காலம் அவருக்குத் தெரியாமலே கடந்துவிடும். மேலும், மறைப்பது நடைமுறையில் முடிவதுமில்லை. ஆறு வாரங்கள் நாள்தோறும் கதிர்வீச்சுக்கு வருபவர், அப்பிரிவின் வாசலில் உள்ள பலகையைப் படிக்கிறார். அருகில் அமர்ந்திருப்பவரோடு பேசுகிறார். வீட்டார் அறியாமல் தமக்குத் தெரிந்ததைத் தாமும் மறைத்துக்கொண்டு, இருதரப்பும் சிரித்த முகத்தோடு ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்வதை நாங்கள் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். இந்தப் பேச்சைத் தனியாகத் தொடங்க உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், ஆதரவுச் சிகிச்சை மருத்துவரும் ஆலோசகரும் உங்களோடு அமர்வார்கள். ஆதரவுச் சிகிச்சை என்றதும் "இனி ஒன்றும் இல்லை" என்று பொருள் கொள்ள வேண்டாம். வலி, வாந்தி, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவை முதல் வாரத்திலிருந்தே அவர்களுடைய பணி.

இயன்முறைப் பயிற்சி அறுவைக்கு அடுத்த நாளே தொடங்குகிறது. இதைப் பற்றி வேறோர் இதழில் விரிவாக எழுதுவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடர்பான தாள்களுக்கு எங்கள் சமூகப் பணியாளரை முதல் நாளே சந்தித்துவிடுங்கள்; அட்வான்ஸ் கட்டிய பிறகு சந்திப்பவர்களே அதிகம்.

கூட்டத்தில் எல்லோரும் எப்போதும் ஒத்த கருத்துடையவர்களாக இருப்பதில்லை. அறுவை நிபுணர் ஒன்றும் கதிர்வீச்சு நிபுணர் மற்றொன்றும் சொல்லி, குரல் உயர்ந்த நாட்களும் உண்டு. அது நல்லதென்றே கருதுகிறோம். முன்பு மூன்று மருத்துவமனைகளில் மூன்று சீட்டுகளாக உங்கள் கையில் வந்து சேர்ந்த அதே கருத்து வேறுபாடு, இங்கே ஓர் அறைக்குள் எதிரெதிரே அமர்ந்து தீர்க்கப்படுகிறது. தீராதபோது, இரண்டு வழிகளையும் அவற்றின் நன்மை தீமைகளோடு உங்கள்முன் வைக்கிறோம். தேர்வு நோயாளியுடையது. வேறோர் இடத்தில் கருத்துக் கேட்க விரும்பினால் படங்களையும் திசுக் கண்ணாடிச் சில்லுகளையும் நாங்களே தருவோம். அதற்காக எவரும் வருந்தமாட்டார்கள்.

கூட்டத்துக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை சிலவே. ஸ்கேன் படத்தாளை மட்டுமல்லாது குறுந்தகட்டையும் கொண்டு வாருங்கள். தாளில் சில படங்களே இருக்கும், தகட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பழைய ஸ்கேன்கள் வீட்டுப் பரணில் இருந்தாலும் தேடி எடுத்துவிடுங்கள். கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை அவையே சொல்லும். சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, அட்டையோடு கொண்டுவந்து காட்டுங்கள், திட்டமாட்டோம். கேட்க விரும்பும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, செவ்வாய்க்கிழமை மாலைக்குள் ஒருங்கிணைப்புச் செவிலியரிடம் கொடுங்கள். அவருடைய தொலைபேசி எண் உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் உள்ளது. புதன்கிழமை பிற்பகல், நோயாளியை நன்கு அறிந்த ஒருவர் கைப்பேசியைப் பக்கத்திலேயே வைத்திருக்கட்டும். கூட்டத்தின் நடுவில் எங்களுள் ஒருவர் அழைத்து, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்பது போன்ற ஏதேனும் ஒன்றைக் கேட்கக்கூடும்.